சிங்கப்பூர்த் தமிழரிடையே அகஅமைதித் தேடல்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சிங்கப்பூர்த் தமிழரின் வரலாறு பல கோணங்களில் எழுதப்பட்டுள்ளது. அவர்கள் கப்பலேறி வந்த காலம், செய்த தொழில், பெற்ற கூலி, எழுப்பிய கோயில், நடத்திய இதழ், அமைத்த சங்கம் ஆகியன பற்றிய ஆய்வுகள் நம்மிடம் உண்டு. ஆயின், அவர்தம் உள்ளம் எங்கே இளைப்பாறியது என்னும் வினாவை நாம் அதிகம் எழுப்பியதில்லை. துறைமுகத்திலும் சுண்ணாம்புச் சூளையிலும் மாட்டுக் கொட்டிலிலும் உழைத்த ஒருவருக்குத் தம்மோடு தாம் தனித்திருக்க நேரமும் இடமும் கிடைத்தனவா? கிடைத்தன எனின், அவற்றை அவருக்கு அளித்தவை யாவை? இவ்வினாக்களுக்கு இயன்றவரை விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்முயற்சியில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அகஅமைதி என்பது ஆவணங்களில் பதிவாகும் பொருளன்று. கோயில் கட்டப்பட்ட ஆண்டைக் கண்டறியலாம்; அங்கே கண்மூடி நின்றவரின் மனநிலையைக் கண்டறிதல் இயலாது. எனவே, அமைதியை நாடுதற்கு இடமளித்த நிறுவனங்களையும், அதனைத் தேடிய சிலரைப் பற்றி எஞ்சியுள்ள குறிப்புகளையும் துணையாகக் கொண்டே நாம் இப்பொருளை அணுக வேண்டியுள்ளது.

தமிழ் மரபில் தியானம்

தியானம் தமிழர்க்குப் புதிதன்று. திருமூலரின் திருமந்திரம் தனது மூன்றாம் தந்திரத்தில் எண்வகை யோக உறுப்புகளை விரித்துரைக்கின்றது. திருக்குறள், தவம் என்பதற்குத் தனி அதிகாரம் வகுத்து, தமக்கு வரும் துன்பத்தைப் பொறுத்தலும் பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமையுமே அதன் வடிவம் எனக் காட்டுகின்றது. தாயுமானவர்க்கு மௌனகுரு உணர்த்திய உபதேசம் சும்மா இருத்தல் என்பது மரபு. குணங்குடி மஸ்தான் சாகிபின் சூஃபிப் பாடல்கள் இத்தேடல் சைவர்க்கு மட்டும் உரியதன்று என்பதை மெய்ப்பிக்கின்றன.

இம்மரபில் நாம் கருத்திற் கொள்ள வேண்டிய கூறு ஒன்றுண்டு. உள்நோக்கித் திரும்புதல் என்பது உலகைப் புறக்கணித்தல் என்ற பொருளில் மட்டும் இங்கு ஆளப்படவில்லை. வள்ளலார் 1867ஆம் ஆண்டில் வடலூரில் முதலில் நிறுவியது பசித்தோர்க்கு உணவளிக்கும் தருமசாலை. சத்திய ஞானசபை எழுந்தது அதன் பின்னர், 1872ஆம் ஆண்டில். இந்த வரிசைமுறை சிங்கப்பூர் வரலாற்றைப் புரிந்துகொள்ளவும் நமக்கு உதவும்.

சிராங்கூன் சாலையும் வழிபாட்டிடங்களும்

இன்று லிட்டில் இந்தியா என வழங்கும் பகுதியைத் தமிழர் நெடுங்காலமாகத் தேக்கா என்றே அழைத்து வருகின்றனர். அங்குள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் 1881ஆம் ஆண்டளவில் தோன்றியது. அக்காலத்தில் அதற்குச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்னும் பெயரும் வழங்கியது. சுண்ணாம்புச் சூளைகளில் உழைத்தோர் வாழ்ந்த குடியிருப்பே சுண்ணாம்புக் கம்பம் ஆகும். அதே சாலையில் ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலின் தொடக்கம் 1855ஆம் ஆண்டைச் சார்ந்தது. டன்லப் தெருவில் அப்துல் கபூர் பள்ளிவாசலும், ரேஸ் கோர்ஸ் சாலையில் 1927ஆம் ஆண்டு தாய்லாந்துத் துறவி ஒருவரால் நிறுவப்பட்ட சாக்கிய முனி புத்த கயா ஆலயமும் அமைந்துள்ளன. சற்றே அப்பால், ஓபிர் சாலையில், தமிழ்க் கத்தோலிக்கர்க்கென 1888ஆம் ஆண்டில் எழுந்த லூர்து மாதா தேவாலயம் உள்ளது. நடந்து கடக்கத்தக்க இச்சிறு பரப்பினுள் இத்தனை வழிபாட்டிடங்கள் அமைந்தமை எண்ணிப் பார்க்கத்தக்கது.

இவற்றுள் தைப்பூசம் போன்ற விழாக்களில் நாம் காண்பது ஆரவாரமே. பெருமாள் கோயிலில் புறப்பட்டு டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலை அடையும் காவடி ஊர்வலத்தை அமைதியின் வடிவம் எனக் கூறுவார் இலர். எனினும், காவடி எடுப்பவர் அதற்கு முன்னர்ப் பல நாள் நோற்கும் விரதத்தை நாம் மறந்துவிடலாகாது. புலால் நீக்கல், உணவைக் குறைத்தல், புலனடக்கம், தரையில் துயிலல், இறைநாமத்தை இடைவிடாது எண்ணல் என்பன அவ்விரதத்தின் கூறுகள். பகலெல்லாம் உடலுழைப்பில் ஈடுபட்ட தொழிலாளர்க்கு ஏட்டுக்கல்வியின் துணையின்றியே கிட்டிய தியானப் பயிற்சி இதுவே எனலாம். ஊர்வலம் ஒருநாள் நிகழ்ச்சி. அதற்கு முந்தைய நாள்களின் மௌனமே நாம் தேடும் வரலாற்றுக்கு உரியது.

நாரிஸ் சாலையில் ஒரு புதுமுயற்சி

சுவாமி விவேகானந்தர் 1892ஆம் ஆண்டு டிசம்பரில் கன்னியாகுமரிப் பாறையில் தியானத்தில் அமர்ந்தார். அடுத்த ஆண்டு மே மாத இறுதியில் பம்பாயிலிருந்து புறப்பட்டு, கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங் வழியாகச் ஜப்பானை அடைந்தார். யோகோஹாமாவிலிருந்து 1893 ஜூலை 10ஆம் நாளிட்டுச் சென்னை அன்பர்களுக்கு அவர் வரைந்த கடிதத்தில், சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பனையினங்களையும் அருங்காட்சியகத்தையும் வியந்து குறிப்பிடுகின்றார். ஊரின் தோற்றத்தைக் காட்டும் அக்கடிதம், அங்கு வாழ்ந்த தமிழரின் அகவாழ்வை நமக்குக் காட்டவில்லை.

அவர் 1897ஆம் ஆண்டு நிறுவிய இராமகிருஷ்ண மிஷனின் கிளை 1928ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தோன்றியது. சுவாமி ஆத்யானந்தர் அதன் தொடக்ககாலப் பணிகளை முன்னின்று நடத்தினார். மிஷனின் தொடக்ககால இருப்பிடங்களுள் முதன்மையானது தேக்காவை அடுத்த நாரிஸ் சாலையாகும். அங்கே விவேகானந்தர் பெயரில் ஆண்பிள்ளைகளுக்கும் சாரதாமணி தேவியார் பெயரில் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளிகள் நடைபெற்றன. தன் விடுதலைக்காகவும் உலக நலனுக்காகவும் என்னும் இருமைக் குறிக்கோளைக் கொண்ட ஓர் இயக்கம், தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த பகுதியில் பள்ளியையும் பூசையறையையும் அருகருகே அமைத்தமை தற்செயலன்று. தருமசாலையையும் ஞானசபையையும் பற்றி நாம் முன்னர்க் கண்ட தொடர்பே இங்கும் புலனாகின்றது.

இதே காலப்பகுதியில் சீர்திருத்தக் குரலும் ஓங்கி ஒலித்தது. பெரியார் ஈ.வெ.இராமசாமியின் 1929ஆம் ஆண்டு வருகையை அடுத்துத் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருப்பெற்றது, கோ.சாரங்கபாணியின் முயற்சியால் 1935ஆம் ஆண்டு தமிழ் முரசு வெளிவந்தது. சடங்குகளைச் சாடிய இவ்வியக்கத்தையும் தியானத்தை வலியுறுத்திய மிஷனையும் எதிரெதிராக நிறுத்திக் காண்பது எளிது. ஆயினும், கல்வியின்வழித் தமிழரை உயர்த்துதல், சாதி வேற்றுமையை விலக்குதல் ஆகியவற்றில் இரண்டும் ஒரே திசையை நோக்கின. ஒன்று சமூகத்தைத் தன்னாய்வுக்கு உட்படுத்தியது. மற்றொன்று தனிமனிதரைத் தன்னாய்வுக்கு அழைத்தது.

ஜோகூரிலிருந்து ரிஷிகேசம்

நீரிணைக்கு அப்பால் நிகழ்ந்த ஒரு மாற்றத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் 1887ஆம் ஆண்டு பிறந்த குப்புசாமி என்னும் மருத்துவர் 1913ஆம் ஆண்டு மலாயாவுக்கு வந்தார். சிரம்பான் அருகே தோட்ட மருத்துவமனை ஒன்றிலும் பின்னர் ஜோகூர் பாருவிலும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பணிபுரிந்தார். நோயுற்ற தொழிலாளரை நாள்தோறும் கண்ட அனுபவமே, உடல்நோய்க்கு அப்பாற்பட்ட துன்பத்தின் காரணம் யாது என்னும் வினாவை அவருள் எழுப்பியது என்பர். அவரிடம் மருத்துவம் பெற்ற துறவி ஒருவர் அளித்த வேதாந்த நூல் அவ்வினாவைக் கூர்மைப்படுத்தியதாகவும் அவர்தம் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1923ஆம் ஆண்டு பணியைத் துறந்து இந்தியா திரும்பிய அவர், மறு ஆண்டு ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆனார். 1936ஆம் ஆண்டு தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார்.

அவர்தம் சீடர்களுள் சுவாமி விஷ்ணுதேவானந்தர் கனடாவிலும், கோவைப் பகுதியைச் சேர்ந்த சுவாமி சச்சிதானந்தர் முதலில் இலங்கைத் திருகோணமலையிலும் பின்னர் அமெரிக்காவிலும் யோகத்தைப் பரப்பினர். மலாயாத் தோட்டத் தொழிலாளரின் துயரைக் கண்ட ஒரு தமிழ் மருத்துவரின் தன்னாய்வு, இமயமலை அடிவாரம் வழியாக மேலைநாடுகளை எட்டியது. மேலைநாட்டு யோகம் சிங்கப்பூரின் அடுக்குமாடிப் பயிற்சிக் கூடங்களில் இன்று ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும்போது, அதன் வேர்களுள் ஒன்று கடற்பாலத்துக்கு மறுபுறம் இருந்தது என்பதை அறிந்தோர் சிலரே.

போர்க்காலத்தில் ஒரு தியான அறை

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. 1943ஆம் ஆண்டு ஜூலையில் அங்கு வந்த சுபாஷ் சந்திர போஸ், அக்டோபர் 21ஆம் நாள் கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்தார். அவ்வரசில் விளம்பரத்துறைப் பொறுப்பை ஏற்றிருந்த எஸ்.ஏ.ஐயர் பிற்காலத்தில் எழுதிய நூலில் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். பகல் முழுதும் படை, நிதி, அரசியல் என அலுவலில் மூழ்கியிருந்த போஸ், சிற்சில இரவுகளில் இராமகிருஷ்ண மிஷனுக்குச் சென்று, பட்டு வேட்டி உடுத்து, கையில் ஜெபமாலையுடன் பூசையறையில் தனித்து அமர்ந்து தியானம் செய்வாராம்.

இச்செய்தியை மற்றொரு நிகழ்ச்சியோடு இணைத்து நோக்குதல் வேண்டும். டேங்க் ரோடு செட்டியார் கோயிலுக்கு அழைக்கப்பட்டபோது, எல்லாச் சாதியினரும் எல்லாச் சமயத்தினரும் உடன்வர இசைந்தால் மட்டுமே வருவதாகப் போஸ் கூறினார். அவ்வாறே முஸ்லிம் அதிகாரிகளும் உடன் சென்றனர். வெளியே வந்ததும் நெற்றியில் இடப்பட்ட திலகத்தை அவர் துடைத்துவிட்டார் என்பது உடன்சென்ற ஆபித் ஹசன் வழியாக நாம் அறியும் செய்தி. பொதுவெளியில் சமய அடையாளத்தைத் துடைத்தவரே நள்ளிரவில் தியானத்தில் அமர்ந்தார். இதனை முரண் எனக் கொள்ள வேண்டியதில்லை. அகஅமைதி அவர்க்குக் காட்சிப்பொருளாக இருக்கவில்லை என்பதே இதனால் பெறப்படும் கருத்தாகும். ஆயின், அவ்வமைதி அவர் மேற்கொண்ட அரசியல் முடிவுகளைச் சரியெனவோ தவறெனவோ நிறுவிவிடாது என்பதையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

அதே காலத்தில், போரினால் ஆதரவிழந்த சிறுவர்களைப் பேணும் பணியை மிஷன் மேற்கொண்டது. அப்பணியே பின்னர்ப் பார்ட்லி சாலை வளாகத்தில் சிறுவர் இல்லமாக நிலைபெற்றது. தலைவர் ஒருவரின் தியானம் நூலில் இடம்பெற்றுள்ளது. பெற்றோரை இழந்த ஒரு சிறுவன் அவ்வில்லத்தில் முதன்முறையாக அச்சமின்றி உறங்கிய இரவு எந்நூலிலும் இடம்பெறவில்லை. அகஅமைதியின் வரலாற்றில் இரண்டாவதும் சமமான இடத்திற்குரியது என்பதே நம் கருத்து.

மொழியும் அமைதியும்

போருக்குப் பிந்திய காலத்தில் தியானம் கற்பிக்கும் அமைப்புகள் பெருகின. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911ஆம் ஆண்டு பிறந்த வேதாத்திரி மகரிஷி, இல்லறத்தாரும் தொழிலாளரும் பயிலத்தக்க முறையை வகுத்து, அதற்கு மனவளக்கலை எனத் தமிழ்ப்பெயர் சூட்டினார். அது கடல்கடந்த தமிழரிடையேயும் பரவியது. ஐக்கிய நாடுகள் அவை 2014ஆம் ஆண்டில் ஜூன் 21ஆம் நாளை அனைத்துலக யோகா நாளாகவும், 2024ஆம் ஆண்டில் டிசம்பர் 21ஆம் நாளை உலகத் தியான நாளாகவும் அறிவித்தது.

இவ்வளர்ச்சியினூடே தமிழாசிரியர் கருதத்தக்க சிக்கல் ஒன்றுண்டு. சிங்கப்பூர் இந்தியர் இல்லங்களில் தமிழை மிகுதியாகப் பேசுவோர் விழுக்காடு 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 36.7ஆக இருந்தது, 2020ஆம் ஆண்டில் அது 27.9ஆகக் குறைந்தது. வீட்டில் புழங்கும் சொற்கள் குறையும்போது முதலில் மறைவன மனநிலைகளைச் சுட்டும் நுண்ணிய சொற்களே. நிட்டை, மோனம், உள்ளொடுக்கம், தன்னையறிதல், சும்மா இருத்தல் ஆகியவற்றின் வேறுபாட்டை நம் மாணவர் அறிவரா? சும்மா என்பது இன்று வெறுமை, பயனின்மை ஆகிய பொருள்களில் மட்டுமே வகுப்பறையில் அறிமுகமாகின்றது. அதற்குத் தாயுமானவர் மரபில் இருந்த ஆழத்தை எடுத்துரைப்பது மொழிப்பாடத்தின் பணியும் ஆகும்.

இச்சொல்லின் இருமுகத்தையும் 2020ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது. பெருந்தொற்றின்போது சிங்கப்பூரின் தங்கும் விடுதிகளில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வெளியேற இயலாது முடங்கினர். அவர்களுள் தமிழகத்திலிருந்து வந்தோரும் கணிசமாக இருந்தனர். அறையில் சும்மா இருக்கும்படி அவர்கள் பணிக்கப்பட்டனர். அது அமைதியன்று, அச்சமும் ஊர் நினைவும் நிறைந்த அடைப்பு. தானே விரும்பி ஒடுங்குதலும் பிறரால் ஒடுக்கப்படுதலும் புறத்தோற்றத்தில் ஒன்றே. அகத்தில் முற்றிலும் வேறு. தியானத்தை எல்லார்க்கும் உரிய மருந்தாகப் பரிந்துரைப்போர் இவ்வேறுபாட்டை மறந்துவிடலாகாது. உறக்கமும் ஊதியமும் பாதுகாப்பும் உறுதிப்பட்ட பின்னரே ஒருவரை உள்நோக்கித் திரும்புமாறு அழைப்பது அறமாகும். பசியாற்றுதலை முதற்பணியாகக் கொண்ட வடலூரின் வரிசைமுறை இங்கும் பொருந்துகின்றது.

முடிவுரை

மேற்கண்ட செய்திகளைத் தொகுத்து நோக்குங்கால் மூன்று கருத்துகள் புலனாகின்றன. முதலாவது, சிங்கப்பூர்த் தமிழரிடையே அகஅமைதித் தேடல் சமூகப் பணியிலிருந்து பிரிந்து வளரவில்லை. பள்ளியும் சிறுவர் இல்லமும் பூசையறையும் ஒரே நிறுவனத்தின் உறுப்புகளாக இருந்தன. இரண்டாவது, அத்தேடல் கற்றறிந்தோர்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. விரதம் நோற்ற தொழிலாளரும் அதில் பங்குடையவரே. மூன்றாவது, இம்மரபைத் தமிழில் எண்ணிப் பார்ப்பதற்கான சொல்வளம் இன்று குறைந்து வருகின்றது.

விரதம் நோற்ற முதியோர், பழைய தமிழ்ப்பள்ளிகளில் பயின்றோர், இல்லங்களில் வளர்ந்தோர் ஆகியோரின் நினைவுகளை வாய்மொழி வரலாறாகத் திரட்டுதல் இத்துறையில் அடுத்து ஆற்ற வேண்டிய பணியாகும். எத்தனை ஆண்டுகள் உழைத்தீர்கள் என அவர்களிடம் கேட்டு வந்த நாம், எங்கே மனம் அமைதியுற்றது என்பதையும் இனிக் கேட்க வேண்டும். அவர்கள் விடையளிக்கும் நிலையில் உள்ளபோதே அவ்வினாவை எழுப்புதல் நம் கடமையாகும்.