பெரியப்பாவின் பைப்பும் நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்த ஒரு சொல்லும்



போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது பெரியப்பாவின் தகரப் பெட்டி கிடைத்தது. அவர் குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போன பைப் ஒன்று அதற்குள் இருந்தது. மரத்தால் ஆனது. பழைய தமிழில் இதைச் சுங்கான் என்பார்கள். பேரன் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஷெர்லாக் ஹோம்ஸ் பைப்பா தாத்தா?" என்றான்.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. பல வருடங்களுக்கு முன் வகுப்பில் ஹோம்ஸ் கதை சொன்னபோது, 'பிரையர் பைப்' என்றால் முள்மரத்தில் செய்த பைப் என்று உங்களில் சிலருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அகராதியில் பிரையர் என்றால் முட்செடி என்று இருந்தது. அதற்கு மேல் நான் தேடவில்லை. அது தவறு. இப்போது திருத்திக்கொள்கிறேன்.

பெரியப்பாவின் பைப்பில் 'புரூயேர்' என்று பொறித்திருக்கிறது. ரொம்ப நாள் அதைக் கம்பெனி பெயர் என்று நினைத்திருந்தேன். அது ஒரு செடியின் பிரெஞ்சுப் பெயர். ஆங்கிலேயர் வாயில் அது 'பிரையர்' ஆகிவிட்டது. முள்ளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மத்தியதரைக் கடலோரக் குன்றுகளில் வெள்ளையாகப் பூக்கும் புதர் அது. தாவரவியல் பெயர் எரிக்கா ஆர்போரியா. அதன் தண்டுக்கும் வேருக்கும் நடுவே, மண்ணுக்குள் ஒரு முண்டு வளரும். காட்டுத்தீயில் மேலே எல்லாம் கருகினாலும், அந்த முண்டிலிருந்து செடி மறுபடி துளிர்க்கும். பைப் செய்வது அந்த முண்டில்தான்.

அதற்கு முன்பு களிமண் பைப் இருந்தது. கீழே விழுந்தால் உடையும். துருக்கியில் கிடைக்கும் மென்மையான வெள்ளைக் கல்லில் செய்த பைப் இருந்தது, விலை அதிகம். சாதாரண மரத்தில் செய்தால் புகையிலையோடு மரமும் கருகும். இந்த முண்டு மட்டும் நெருப்பைத் தாங்கியது.

இந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர் பிரான்சின் ஜூரா மலையில் உள்ள சேன் குளோது. ஒரு காலத்தில் அது யாத்திரைத் தலம். அங்குள்ள புனிதரின் சமாதியைத் தரிசிக்க வருபவர்களுக்கு ஜெபமாலையும் சின்னச் சின்ன மரச் சாமான்களும் கடைந்து விற்றே ஊர் பிழைத்தது. 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வந்தது; யாத்திரை படுத்தது. ஆனால் கடைசல் தெரிந்த கைகளும், பட்டறையை ஓட்ட ஆற்று நீரின் வேகமும் அங்கே இருந்தன. பொடிடப்பா, பைப்புக்கான குழல் என்று கடைந்தார்கள். 1850-களில் புரூயேர் முண்டு வந்து சேர்ந்ததும் ஊரின் தலையெழுத்தே மாறியது. அந்த ஊரைச் சேர்ந்த ஆன்ரி கோமோய் 1879-இல் லண்டனுக்குப் போய் அங்கேயும் இந்தத் தொழிலைத் தொடங்கினார்.

வேலை சாதாரணமானதல்ல. பல பத்தாண்டுகள் வளர்ந்த முண்டைத் தோண்டி எடுத்து, ஈரம் காயாமல் வைத்திருந்து, கட்டைகளாக அறுக்க வேண்டும். சாறும் கசப்பும் போக மணிக்கணக்கில் வேகவைக்க வேண்டும். பிறகு மாதக்கணக்கில் நிழலில் உலர்த்த வேண்டும், அவசரப்பட்டால் வெடித்துவிடும். அதன் பிறகுதான் கடைசல். புகையிலை வைக்கும் குழியைக் குடைந்து, புகை வரும் துளை அந்தக் குழியின் அடியில் சரியாகப் போய்ச் சேரும்படி துளைக்க வேண்டும். கொஞ்சம் மேலே போனால் அடியில் ஈரம் தேங்கும். அடுத்து அரம், உப்புத்தாள், சாயம், மெழுகு. இத்தனையும் முடிகிற நேரத்தில் மரத்துக்குள் ஒளிந்திருந்த ஒரு சின்னப் பொத்தல் வெளியே தெரியும். அவ்வளவுதான், பைப்பின் விலை பாதாளத்துக்குப் போய்விடும். குறையே இல்லாமல் வருவது கொஞ்சம்தான்.

ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் இந்தத் தொழிலில் இருந்தார்கள். எனக்குப் பைப்பை விடப் பெரிதாகத் தெரிவது அவர்கள் செய்த இன்னொரு காரியம். 1881-இல் 'லா ஃபிராதெர்னெல்' என்ற கூட்டுறவுக் கடையைத் தொடங்கினார்கள். பெயருக்குச் சகோதரத்துவம் என்று பொருள். பின்னாளில், வந்த லாபத்தை ஆளுக்கு ஆள் பிரித்துக்கொள்ளாமல் பொதுநிதியில் போட்டார்கள். நோய்க்கும் முதுமைக்கும் அதிலிருந்து உதவி. 1910-இல் மக்கள் இல்லம் என்ற கட்டடத்தைக் கட்டி முடித்தார்கள். நாடக அரங்கு, அச்சகம், காப்பிக்கடை எல்லாம் அதற்குள். அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது.

1944 ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. கிளாவுஸ் பார்பியின் நாஜிப் படை ஊரைச் சுற்றி வளைத்தது. ஆண்களைச் சதுக்கத்துக்கு வரச் சொல்லி, சுமார் 300 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். புகன்வால்ட் வதைமுகாமுக்கு. பலர் திரும்பவே இல்லை.

தொழிலைச் சாய்த்தது போர் இல்லை, சிகரெட். 1881-இல் பான்சாக் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற இயந்திரம் ஒரு நாளில் லட்சத்துக்கும் மேல் சிகரெட் சுற்றியது. முதல் உலகப் போரில் அது சிப்பாய்களின் பையில் ஏறியது. நின்று நிதானமாகப் பைப் பிடிக்க யாருக்கு நேரம்? சேன் குளோதில் இன்று மிஞ்சியிருப்பது சில பட்டறைகளே.

இதற்காக நான் வருத்தப்படலாமா என்று இந்த வாரம் முழுக்க யோசித்தேன். என் அப்பா நாட்டுச் சுருட்டு பிடித்தவர். ஆங்கிலேயர் 'செரூட்' என்று எடுத்துக்கொண்டார்களே, அந்த நம் சுருட்டுதான். வாய்ப் புற்றுநோயில் போனார். கடைசி மாதத்தில் கஞ்சிகூட இறங்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் புகையிலை வாசமே கூடாது என்று இருந்தவன் நான். பைப் பிடித்தாலும் அதே நோய்தான். மரம் உயர்ந்தது என்பதால் புகை நல்லதாகிவிடாது.

அதனால் தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பேரன் விடவில்லை. "தாத்தா, செஞ்சவங்க என்ன பண்ணுவாங்க பாவம்?" என்றான். நாற்பது வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவனுக்கு அவனிடம் பதில் இல்லை.

துடைத்து, அப்பா படத்துக்குக் கீழே இல்லை, புத்தக அலமாரியில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு சீட்டில் 'சேன் குளோது' என்று எழுதியிருக்கிறேன்.

முள்மரம் என்று உங்கள் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால், தயவுசெய்து திருத்திவிடுங்கள். தவறு உங்கள் வாத்தியாருடையது.