அஸ்திவாரச் சீரமைப்பு (பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகள்)

சமமின்றி இறங்கிய வீட்டின் அடித்தளத்தை மட்டத்துக்குக் கொண்டுவந்து வலுப்படுத்தும் வேலை. கேரளத்தின் கிழக்கு எல்லையில் சுவர் விரிசல்கள் ஒன்றுபோலத் தெரிந்தாலும் காரணம் ஒன்றல்ல. பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டாரக் கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கி, ஆண்டுதோறும் சுவரை ஏற்றி இறக்குகிறது. இடுக்கி மலைச்சரிவுகளிலோ சில இடங்களில் நீர் நிலத்துக்குள்ளேயே மண்ணை அரித்துக் குழாய்போலக் குடைந்துவிடுகிறது. 2018 பெருமழையில் அம்மாவட்டத்தில் வீடுகள் மண்ணோடு இறங்கின. ஆகவே ஜாக்கி வைத்துத் தூக்குமுன் மண்ணை அறிவதே முதல் வேலை.

சிமெண்ட் பால் செலுத்தி அடைத்தால் செலவு குறையுமே என்பார்கள். அசைவு நின்றுவிட்ட வீட்டுக்கு அது போதும். நின்றதா என்பதை விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டி, மழையும் கோடையும் கடக்கும்வரை பார்த்து அறியலாம். கரிசலில் அசைவு தானாக நிற்பதில்லை. ஈரம் மாறாத ஆழத்துக்குச் சுமையை இறக்க வேண்டும். ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த, அடியில் குமிழ்போல் விரிந்த காங்கிரீட் தூண்கள் (இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2911, பகுதி 3) அதற்கானவை. பழைய வீட்டுக்கு அவை பெருஞ்செலவுதான். கூரைநீரைத் தள்ளி விடுவதும் சுவரைச் சுற்றித் தளம் பாவுவதும் பல வீடுகளில் அசைவை வெகுவாகத் தணிக்கும். மலையில் குடைவு வீட்டடியிலேயே ஓடினால், எந்தத் தூணையும் நம்பாமல் இடம் மாறுவதே சரி.