மழையை இன்ஷ்யூர் செய்த கதை

விவசாயியின் நஷ்டத்தை வயல்வயலாகச் சென்று மதிப்பிடுவது நடவாத காரியம் என்று கண்ட மைசூர் சமஸ்தானத்து ஜே. எஸ். சக்கரவர்த்தி, அந்தந்தப் பிரதேசத்தில் பெய்த மழையின் அளவையே ஆதாரமாகக் கொண்டு இன்ஷ்யூரன்ஸ் பணம் வழங்கலாம் என்று விவரித்து, 1920-ஆம் வருஷத்தில் ஒரு புஸ்தகமே வெளியிட்டார். மழைமானி பொய் சொல்லாது. பங்காளிக்காகப் பரிந்தும் பேசாது. யோசனை என்னவோ அபாரமானதுதான். ஆனால் நம் தேசத்தில் நல்ல யோசனைகளுக்கு ஆயுள் கெட்டியென்றாலும் அவசரம் கிடையாது.

எண்பது வருஷங்களுக்கு மேல் உறங்கிக்கிடந்த அந்த எண்ணம், 2003-இல் அன்றைய ஆந்திரத்து மகபூப்நகர் ஜில்லாவில், உலக வங்கியின் ஆலோசனையோடு, ஐசிஐசிஐ லம்பார்டு கம்பெனியும் பேஸிக்ஸ் ஸ்தாபனமும் சேர்ந்து, நிலக்கடலையும் ஆமணக்கும் பயிரிட்ட இருநூற்றுச் சொச்சம் குடியானவர்களிடம் பாலிஸி விற்றபோதுதான் கண்விழித்தது. பயிருக்கு அதிமுக்கியமான நாட்களில் பெய்யும் மழைக்குக் கணக்கில் அதிக மதிப்பு. மழை குறையக் குறைய ஈட்டுத்தொகை ஏறும். சேதத்தைப் பார்வையிட எவரும் வரவேண்டியதில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. காலை எட்டரை மணிக்கு மழைமானி நிலையத்துச் சிப்பந்தி, புனலுக்கடியிலுள்ள பாத்திரத்து நீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி அளந்து, மழை போதுமென்று குறித்துக்கொள்ளும் அதே வேளையில், சில காத தூரத்துக்கப்பால், முந்தின நாள் மேகம் ஒதுங்கிப்போன கடலைக்கொல்லையில் நிற்பவன் செடியைப் பிடுங்கிப் பார்த்தால், வேரோடு வருவது புழுதிதான்.