தெரியாது என்று தொடங்கிய உரை

நடத்தை நரம்பியலைப் பாடமாக எடுக்கும் உளவியல் இளங்கலை மாணவர், நூலின் தொடக்கத்திலேயே பெரும்பாலும் தெகார்த்தைச் சந்திக்கிறார். மூளையின் நடுவே உள்ள பினியல் சுரப்பியே ஆன்மாவின் தலைமை இருக்கை. அது அசைந்து சாய்வதால் நுண்ணிய ஆவிகள் நரம்புகளுள் பாய்ந்து உறுப்புகள் இயங்குகின்றன என்றார் அப்பிரெஞ்சு மெய்யியலார். அக்கருத்தை அறுவைக் கத்தியால் சோதித்தவரின் பெயரோ மாணவர் செவிக்கு அரிதாகவே எட்டுகிறது. அவர் நீல்ஸ் ஸ்டென்சன். கோபன்ஹேகனில் 1638இல் பிறந்த லூத்தரன் பொற்கொல்லர் மகன். பின்னாளில் கத்தோலிக்க ஆயர்.

1660இல், மாணவராயிருந்தபோதே, ஆட்டுத்தலை ஒன்றை அறுத்துப் பார்க்கையில் கன்னத்து உமிழ்நீர் நாளத்தைக் கண்டார். இன்றும் அந்நாளம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1665இல் பாரிசில், தெவெனோ என்னும் அறிஞரைச் சூழ்ந்த கற்றோர் அவையில் மூளையைக் குறித்து உரையாற்றினார். அப்போது வயது 27. மூளையைப் பற்றித் தமக்கு ஒன்றுமே தெரியாது என்றுதான் தொடங்கினார். இதை வெறும் அவையடக்கம் என்று கொள்ளலாகாது. மூளைப் பகுதிகளுக்குச் சூட்டிய பெயர்கள் குழப்பமானவை, படங்கள் பிழைபட்டவை, அறுக்கும் முறையே அமைப்பைக் குலைத்துவிடுகிறது என ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார். பினியல் சுரப்பியோ சுற்றியுள்ள பகுதிகளோடு பிணைந்துள்ளது. தெகார்த் சொன்னவாறு அது அசைய இயலாது.

ஆயினும் தெகார்த்தை அவர் இகழவில்லை. மனிதச் செயல்களையெல்லாம் செய்யவல்ல ஓர் இயந்திரத்தைக் கருத்தளவில் அமைத்துக் காட்டியவர் என்று மதித்தார். அந்த இயந்திரத்தையே மெய்யான மூளை என்று நம்பிய சீடர்களைத்தான் மறுத்தார். குருவைவிடச் சீடர் உறுதியாகப் பேசுவது எக்காலத்துக்கும் உரியதுபோலும்!

1667இல் புளோரன்சில் கத்தோலிக்க மறையைத் தழுவினார். அத்தோடு அறிவியலைக் கைவிட்டார் என்று எழுதுவோர் உண்டு. அது சரியன்று. பாறை அடுக்குகளைப் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் வெளிவந்தது 1669இல். மூளை பற்றிய உரை அச்சேறியதும் அவ்வாண்டிலேயே. 1675இல் குருவானார், 1677இல் ஆயரானார். வடசெர்மனியில் சிதறிக் கிடந்த கத்தோலிக்கரிடையே ஏழ்மையில் உழைத்து, 1686இல் ஷ்வெரின் நகரில் இறைவனடி சேர்ந்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1988இல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார்.

மூளையின் வெண்பொருளில் ஓடும் நார்கள் எங்கே செல்கின்றன, எங்கே முடிகின்றன என்று தொடர்ந்து பார்ப்பதே நேரிய வழி என்று அவ்வுரையில் கூறியிருந்தார். அது மிகக் கடினமான பணி என்பதையும் மறைக்கவில்லை. உயிருள்ள மனிதரின் மூளையில் அந்நார்களின் போக்கைக் காந்த அதிர்வுப் படங்களைக் கொண்டு கணித்துக் காட்ட 1990கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.