மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்குமா? அந்த மாத்திரையின் கதையைக் கேளுங்க

"டாக்டர், இந்த சுகர் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டா கிட்னி போயிடுமாமே?"

வாரத்துக்கு நாலு பேராவது கேட்கும் கேள்வி இது. வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பியிருப்பாங்க, இல்லைன்னா பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். கேட்கிறவங்களைப் பத்திக் கவலை இல்லை. யாரிடமும் கேட்காமலே மாத்திரையை நிறுத்திட்டு, சில மாசம் கழிச்சு காலில் ஆறாத புண்ணோட வர்றவங்களுக்காகத்தான் இந்த நீண்ட பதிவு.

இந்தப் பயம் ஒண்ணும் ஆகாயத்திலிருந்து குதிக்கலை. அதுக்குப் பின்னாடி உண்மையான ஒரு வரலாறு இருக்கு. குற்றம் செஞ்சது அண்ணன், பழி விழுந்தது தம்பி மேல. அந்தக் கதைக்கு வர்றேன். முதல்ல ஒரு செடி.

கலேகா அஃபிசினாலிஸ். ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் ஈரமான நிலங்களில் வளரும் செடி. நம்ம அவரை, துவரை எல்லாம் சேர்ந்த அதே பயறுக் குடும்பம். ஊதாவும் வெள்ளையுமா பூக்கும். ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் காய்ச்சலுக்கும் புழுவுக்கும் பல நூற்றாண்டுகள் கொடுத்து வந்திருக்காங்க.

"இங்கிலீஷ் மருந்து எல்லாம் வெறும் கெமிக்கல், மூலிகைதான் நல்லது" என்று சொல்றவங்க கவனிக்க: உங்க வீட்டு மாத்திரை டப்பாவில் இருக்கும் மெட்ஃபார்மினின் பூர்வீகமே ஒரு மூலிகைதான்.

அதே மூலிகையை 1891-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மாட்டுத் தீவனமாகப் பயிரிட்டுப் பார்த்தாங்க. கடைசியில் அது கால்நடைகளுக்கு விஷம்னு தெரிஞ்சது. இன்னிக்கு அங்கே அது அழிக்க வேண்டிய களை. இயற்கையா வந்தது என்பதாலேயே ஒரு பொருள் பாதுகாப்பானது ஆகிடாது. (இந்த வரிக்காக கமெண்டில் திட்டு விழும். பரவாயில்லை.)

அந்தச் செடியில் குவானிடின் வகையைச் சேர்ந்த பொருட்கள் இருக்கு. 1918-ல் வட்டானபே என்ற ஆய்வாளர், குவானிடின் கொடுத்தால் விலங்குகளின் ரத்தச் சர்க்கரை குறையுதுன்னு காட்டினார். ஆனால் மனுஷனுக்கு அதைக் கொடுக்க முடியாது, நஞ்சு அதிகம். கொஞ்சம் மாத்திச் செஞ்சு பார்த்தாங்க. 1926-ல் ஜெர்மனியில் சிந்தாலின் என்ற மருந்து வந்தது. சர்க்கரை குறைஞ்சது, கூடவே கல்லீரலும் கெட்டது. அதையும் கைவிட வேண்டியதாச்சு.

இதுக்கு நடுவில் 1922-ல் டப்ளினில் எமில் வெர்னர், ஜேம்ஸ் பெல் என்ற இரண்டு வேதியியலாளர்கள் ஒரு சேர்மத்தைத் தயாரித்து, கட்டுரை எழுதி வச்சாங்க. அதுதான் மெட்ஃபார்மின். அது சர்க்கரை நோய்க்கான மருந்து என்ற எண்ணமே அவங்களுக்குக் கிடையாது.

அந்த வருஷத்தைக் கவனிச்சீங்களா? அதே 1922 ஜனவரியில்தான் கனடாவின் டொரோண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயசுப் பையனுக்கு இன்சுலின் போட்டாங்க. அதுக்கு முன்னாடி அந்த வகைச் சர்க்கரை நோய் வந்த குழந்தைகளுக்குப் பட்டினிதான் வைத்தியம். சாவைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம், அவ்வளவுதான். சாகக் கிடந்த பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்ததை உலகம் பார்த்துட்டிருந்த நேரத்தில் டப்ளின் கட்டுரையை யார் படிப்பா? 1929-ல் முயல்களுக்குக் கொடுத்து, சர்க்கரை குறையுதுன்னு எழுதினவங்களும் இருந்தாங்க. அதையும் யாரும் சீந்தலை.

கிட்டத்தட்ட 20 வருஷம் அப்படியே போச்சு. பிறகு பிலிப்பைன்ஸில் யூசெபியோ கார்சியா என்ற மருத்துவர் மெட்ஃபார்மினைக் கையிலெடுத்தார். எதுக்குன்னு நினைக்கிறீங்க? ஃப்ளூ காய்ச்சலுக்கு! கொடுத்தபோது நோயாளிகளின் ரத்தச் சர்க்கரை இறங்குவதைக் கவனிச்சு 1950-ல் எழுதி வச்சார்.

பாரிஸில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் பயிற்சிக் காலத்திலேயே அந்தக் கலேகா செடியின் சத்தை ஆராய்ந்த குழுவில் இருந்தவர். மனசில் அது கிடந்திருக்கும் போல. இந்த வகை மருந்துகளை ஒவ்வொன்றாகச் சோதித்து மெட்ஃபார்மினைத் தேர்ந்தெடுத்து, 1957-ல் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவை வெளியிட்டார். அவர் வச்ச பெயர் குளுக்கோஃபேஜ். குளுக்கோஸைத் தின்பது என்று பொருள். அந்தப் பெயரில் இன்னும் விற்குது.

இப்போ அண்ணன் கதை.

அதே 1957 வாக்கில் அமெரிக்காவில் ஃபென்ஃபார்மின் வந்தது. ஒரே குடும்பம், ஆனால் வீரியம் ஜாஸ்தி. மெட்ஃபார்மினை ஓரங்கட்டிட்டு ஃபென்ஃபார்மின் ஓடுச்சு. அப்புறம்தான் ஒவ்வொருத்தரா லாக்டிக் அசிடோசிஸில் விழ ஆரம்பிச்சாங்க. ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறி, மூச்சு வாங்கி, ரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகும் நிலை அது. ஃபென்ஃபார்மினைக் கல்லீரல் உடைக்கணும். சிலருக்குப் பிறவியிலேயே அதை உடைக்கும் நொதி சரியா வேலை செய்யாது. அவங்களுக்குச் சாதாரண டோஸே உடம்பில் தேங்கி விஷமாகிடும். 1977-ல் அமெரிக்க அரசு அதை அவசரமா நிறுத்துச்சு. இந்தியாவில் தடை வந்தது 2003-ல். 26 வருஷத் தாமதத்துக்கு நான் என்ன சொல்ல!

அண்ணன் மேல வந்த கோபத்தில் தம்பியையும் அமெரிக்கா உள்ளே விடலை. பிரிட்டனும் பிரான்ஸும் கனடாவும் மெட்ஃபார்மினைக் கொடுத்துக்கிட்டே இருந்தப்போ, அமெரிக்காவில் அதுக்கு அனுமதி கிடைச்சது 1994 டிசம்பரில்.

அப்போ கிட்னி விஷயம் எங்கிருந்து வந்தது? மெட்ஃபார்மினைக் கல்லீரல் உடைப்பதில்லை. அப்படியே கிட்னி வழியா சிறுநீரில் வெளியேறும். கிட்னி ஏற்கனவே பலவீனமா இருந்தால் மருந்து தேங்கும், தேங்கினால் லாக்டிக் அமில ஆபத்து கூடும். அதனால்தான் கிட்னி கெட்டவங்களுக்கு டாக்டர்கள் மெட்ஃபார்மினைக் குறைக்கிறோம் அல்லது நிறுத்துறோம்.

வீட்டில் இருக்கிறவங்க பார்ப்பது என்ன? "பத்து வருஷம் மாத்திரை சாப்பிட்டார். கிட்னி போச்சு. டாக்டரே மாத்திரையை நிறுத்திட்டார். அப்போ மாத்திரைதானே காரணம்?"

இல்லீங்க. சாக்கடைக் குழாய் அடைச்சுக்கிட்டா, "தண்ணியை ஊத்தாதே"ன்னு சொல்வோம். அதுக்காகத் தண்ணிதான் குழாயை அடைச்சதுன்னு சொல்வோமா? அந்தப் பத்து வருஷத்தில் கிட்னியின் சல்லடையைக் கெடுத்தது கட்டுக்குள் வராத சர்க்கரையும், கூடவே இருந்த பி.பி.யும்தான்.

சரி, மெட்ஃபார்மினால் நன்மை உண்டுன்னு என்ன ஆதாரம்? பிரிட்டனில் 1977-ல் தொடங்கின யூகேபிடிஎஸ் ஆய்வு. புதுசா டைப் 2 சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்ட 5,102 பேர், 23 மருத்துவமனைகள். 1998-ல் முடிவு வந்தது. உடல் எடை கூடுதலா இருந்தவங்களில் 342 பேருக்கு மெட்ஃபார்மின் கொடுத்திருந்தாங்க. உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் முதன்மையா நம்பின குழுவோட ஒப்பிட்டால், இவங்களில் மாரடைப்பு 39 சதவீதம் குறைவு. எந்தக் காரணத்தாலும் நேர்ந்த மரணம் 36 சதவீதம் குறைவு.

342 சின்ன எண்ணிக்கைதானேன்னு விமர்சிக்கிறவங்க உண்டு. நியாயமான விமர்சனம்தான். ஆனால் ஆய்வு முடிஞ்ச பிறகும் 10 வருஷம் தொடர்ந்து கவனிச்சப்போ அந்தப் பலன் மறையலை.

நம்ம சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவின் ஆய்வு 2006-ல் வெளியாச்சு. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர். மூணு வருஷத்தில், எந்தச் சிகிச்சையும் தராத குழுவில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துடுச்சு. நடையும் உணவு மாற்றமும் அந்த ஆபத்தைச் சுமார் 28 சதவீதம் குறைச்சது, மெட்ஃபார்மின் சுமார் 26 சதவீதம். காசு செலவில்லாத நடை, மாத்திரைக்கு ஈடு கொடுத்து நின்னிருக்கு!

இந்த மாத்திரைக்குக் குறையே இல்லையான்னு கேட்டால், இருக்கு. ஆரம்பத்தில் வயிற்றுப்போக்கு, குமட்டல் வரும். சாப்பாட்டோட சேர்த்து, குறைஞ்ச டோஸில் தொடங்கினால் பெரும்பாலும் சரியாகும். பல வருஷம் சாப்பிடுறவங்களுக்கு பி12 குறையலாம். கால் மரத்துப் போனால் எல்லாத்தையும் சுகர் மேல போடாமல் பி12-ம் பாருங்க. கடுமையான வாந்தி, பேதின்னா, சரியாகும் வரை இதை நிறுத்தி வைக்கணுமான்னு உடனே டாக்டரைக் கேளுங்க. டைப் 1 நோயாளிகளுக்கு இது இன்சுலினுக்கு மாற்று இல்லவே இல்லை.

கிட்னிக்கு ஒரே ஒரு எண்ணைத் தெரிஞ்சு வச்சுக்கோங்க: ஈ.ஜி.எஃப்.ஆர். கிரியேட்டினின் டெஸ்ட் ரிப்போர்ட்டிலேயே பெரும்பாலும் போட்டிருப்பாங்க. 45-க்குக் கீழே வந்தால் டோஸைக் குறைப்பது பத்தி யோசிப்போம், 30-க்குக் கீழே போனால் நிறுத்துவோம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துப் பாருங்க, 60-க்குக் கீழே இருக்கிறவங்க இன்னும் அடிக்கடி. கூடவே சிறுநீரில் ஆல்புமின் டெஸ்டும். கடைசியா எப்போ எடுத்தீங்கன்னு ஞாபகம் இல்லைன்னா, இந்த வாரமே வெறும் வயித்தில் லேபுக்குப் போயிட்டு, ரிப்போர்ட்டோட உங்க டாக்டரைப் பாருங்க. அதுவரைக்கும் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.