வீட்டிலிருந்தபடியே கோர்டோபாவும் பாக்தாதும்: இணைய மெய்நிகர் உலகம் பற்றிப் பெற்றோர் அறிய வேண்டியவை

இணையத்தில் முப்பரிமாணமாக எழுப்பப்பட்ட ஊர்களுக்குள் நடந்து திரிவது இன்று பிள்ளைகளுக்குச் சாதாரணம். புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பெரிய முதலியார்சாவடியில் இருந்தாலும், மரக்காணம் உப்பளத்து ஓரம் இருந்தாலும், இணைப்பும் ஒரு திரையும் போதும். இந்த ஊர்கள் எப்படி உருவாகின்றன, அவற்றில் எதை நம்பலாம், மார்க்க விஷயத்தில் எல்லை எது என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மெய்நிகர் உலகம் என்றால் என்ன?

2003 ஜூனில் அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் 'செகண்ட் லைஃப்' என்ற இணைய உலகத்தைத் திறந்தது. அதில் ஒவ்வொருவருக்கும் 'அவதார்' எனப்படும் ஓர் உருவம் உண்டு. அந்த உருவம் நடக்கும், பறக்கும், பிறரோடு பேசும். நிலம் 256 மீட்டருக்கு 256 மீட்டர் என்ற சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அதில் கட்டடம் எழுப்புவது நிறுவனம் அல்ல, பயன்படுத்துவோரே. 2007 மே மாதம் நம் அண்டை நாடான மாலத்தீவு அங்கே தூதரகம் திறந்தது. மெய்நிகர் உலகில் தூதரகம் திறந்த முதல் நாடு அதுதான்.

ஸ்பெயினின் கோர்டோபா பெரிய பள்ளிவாசலை மாதிரியாக வைத்து எழுப்பிய பள்ளிவாசல் ஒன்றும் செகண்ட் லைஃபில் இருந்தது. அடுக்கடுக்கான சிவப்பு, வெள்ளை வளைவுகளுக்கு நடுவே உலகின் பல நாட்டவரும் வந்து நின்று பேசினார்கள்.

எப்படிக் கட்டுகிறார்கள்?

மூன்று வழிகள் உண்டு. எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்தால்தான் எவ்வளவு நம்பலாம் என்பது புரியும்.

ஒன்று, அளந்து எடுப்பது. ஒரு கட்டடத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுத்தால், கணினி அவற்றை இணைத்து முப்பரிமாண உருவமாக்கும். லேசர் கருவியாலும் அளக்கலாம். இதுவே நம்பகமானது.

இரண்டு, ஊகித்து நிரப்புவது. 2020 ஆகஸ்டில் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் பூமி முழுவதையும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு காட்டுகிறது. அதில் மரக்காணம் கரைமேலும் பறக்கலாம். ஆனால் சில பெருநகரங்களைத் தவிர, கீழே தெரியும் வீடுகளும் மரங்களும் படத்தைப் பார்த்துக் கணினி தானாக நட்டவை. உங்கள் தெரு இருக்கும், உங்கள் வீடு இருக்காது.

மூன்று, வரலாற்றிலிருந்து எழுப்புவது. 2023 அக்டோபரில் வெளியான 'அசாசின்ஸ் க்ரீட் மிராஜ்' விளையாட்டு 9ஆம் நூற்றாண்டு பாக்தாதைக் காட்டுகிறது. கலீஃபா அல்-மன்சூர் 762இல் தொடங்கிய வட்ட நகரம் இன்று இல்லை. ஆகவே அதில் காண்பது நூல்களையும் அறிஞர்களின் கணிப்பையும் வைத்து வரைந்தது. அக்கால வரலாற்றை விளக்கும் குறிப்புகளைப் பாரிஸின் அரபு உலக நிறுவனம் போன்றவற்றின் துணையோடு சேர்த்திருக்கிறார்கள். குறிப்புகள் பயனுள்ளவை. விளையாட்டோ கொலையை மையமாகக் கொண்டது, சிறுவர்களுக்கு உரியதல்ல.

மக்காவும் மெய்நிகர் ஹஜ்ஜும்

இஸ்லாம் ஆன்லைன் தளம் 2007இல் செகண்ட் லைஃபில் மக்காவை எழுப்பி, ஹஜ்ஜின் கிரியைகளைப் படிப்படியாகக் கற்றுத் தந்தது. 2021 டிசம்பரில் சவூதி அரேபியா ஹஜருல் அஸ்வதை மெய்நிகர் கண்ணாடி வழியே பார்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. உடனே உலகெங்கும் ஒரு கேள்வி எழுந்தது: இப்படிச் செய்தால் ஹஜ் ஆகுமா? 2022 பிப்ரவரியில் துருக்கியின் மார்க்க விவகாரத் தலைமையகம், பார்வையிடலாம், அது ஹஜ் ஆகாது என்று தெளிவாகச் சொன்னது. இஹ்ராம், அரஃபாவில் தங்குதல், தவாஃப், ஸஃயீ எல்லாம் உடலோடு அந்த இடத்தில் நிறைவேற்ற வேண்டியவை. திரையில் உருவம் சுற்றினால் நாம் சுற்றியதாகாது.

ஆனால் பயிற்சியாகக் கொண்டால் இதில் பெரிய நன்மை உண்டு. ஹஜ் பயிற்சி முகாம்களில் கஅபாவின் மாதிரியை வைத்துச் சொல்லிக் கொடுப்பது நமக்குப் பழக்கமானதே. முதன்முறை செல்லும் முதியவர்கள் ஸஃபா எங்கே, மர்வா எங்கே என்று வீட்டிலேயே பார்த்துப் பழகினால், அங்கே கூட்டத்தில் தடுமாற்றம் குறையும்.

நம் கரையின் கதை

இதே கரையில் கடப்பாக்கத்துக்கு அருகே ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. ஆற்காடு நவாபுகள் காலத்துக் கோட்டை அது. உப்பும் நெய்யும் சரிகைத் துணியும் அங்கிருந்து கப்பலேறின. நாணயச் சாலையும் இருந்தது. 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குக் கொடுக்கப்பட்டு, 1760இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது. எஞ்சிய செங்கல் சுவர்கள் உப்புக் காற்றில் உதிர்கின்றன. பாக்தாதைத் திரையில் சுற்றும் பிள்ளைக்கு இந்தக் கோட்டை தெரியாமல் போனால் இழப்பு நமக்குத்தான்.

ஈராக்கில் மோசுல் அருங்காட்சியகப் பொருள்கள் 2015இல் உடைக்கப்பட்டபோது, முன்பு அங்கே சென்றவர்கள் எடுத்திருந்த சாதாரணப் படங்களைச் சேகரித்தே தன்னார்வலர்கள் முப்பரிமாண உருவங்கள் செய்தார்கள். நம் பிள்ளைகளும் ஆலம்பரைச் சுவர்களையும் ஊரின் பழைய பள்ளிவாசலையும் கைபேசியில் எல்லாப் பக்கமும் படமெடுத்து வைக்கலாம். வெயில் சாய்ந்த நேரம் நல்லது, நிழல் கடுமையாக விழாது. பள்ளிவாசல் என்றால் நிர்வாகத்திடம் முதலில் அனுமதி கேளுங்கள். ட்ரோன் பறக்கவிடுவதற்கு 2021ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும்.

பெற்றோர் கவனத்துக்கு

• யாரோடு பேசுகிறார்கள் என்று பாருங்கள். அவதாருக்குப் பின்னால் இருப்பவரின் வயது தெரியாது. முன்பின் அறியாதவர் பேச முடியாதபடி அமைப்பை மாற்றிவிடுங்கள்.

• அங்குள்ள நாணயம் மெய்யான பணம் கொடுத்து வாங்குவது. வங்கி அட்டையைப் பிள்ளையின் கணக்கோடு இணைக்காதீர்கள்.

• இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோரின் தகவலைப் பெறப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. வயதைக் கூட்டிச் சொல்லிக் கணக்குத் தொடங்கினால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

• தொழுகை நேரத்தையும் உறக்க நேரத்தையும் முதலில் ஒதுக்குங்கள். மீதியில் விளையாட்டு.

• திரையில் ஓர் ஊரைப் பார்த்தபின், இதில் அளந்தது எது, ஊகம் எது என்று பிள்ளையிடம் கேளுங்கள். அந்தக் கேள்வியைப் பழக்கிவிட்டால் நம் பிள்ளைகள் திரையில் காண்பதை எடைபோட்டுப் பார்க்கக் கற்பார்கள், இன்ஷா அல்லாஹ்.