நண்டு வரைந்த கோடு

விமானப்படையில் பதினைந்து வருஷம் இருந்தேன் என்றதும், "எத்தனை விமானம் ஓட்டியிருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். ஒன்றுகூட இல்லை. நான் கருவிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக். 1970 வாக்கில் என் பொறுப்பில் இருந்தது பறக்கவே பறக்காத ஒரு விமானம். பெயர் லிங்க் ட்ரெய்னர். அதன் கதையை இன்று சொல்கிறேன்.

மேகத்துக்குள் நுழைந்த விமானிக்கு முதல் எதிரி அவருடைய காதுதான். உடல் திரும்புவதை நமக்கு உணர்த்துவது உட்காதில் உள்ள திரவம். ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் அரை நிமிஷத்துக்குள் அந்த உணர்வு அடங்கிவிடும். அப்போது விமானத்தை நேராக்கினால், எதிர்ப்பக்கம் திரும்புவது போலத் தோன்றும். அதை நம்பி மறுபடி சாய்த்தவர்கள் சுழன்றபடியே தரையில் மோதினார்கள்.

1929 செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவில் ஜிம்மி டூலிட்டில், வெளியே எதுவும் தெரியாதபடி மூடிய இருக்கையில் அமர்ந்து, கருவிகளை மட்டும் பார்த்தே விமானத்தை ஏற்றி இறக்கிக் காட்டினார். ஆபத்துக்கு உதவ இன்னொரு விமானி கூடவே இருந்தார். முடியும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் பழகும்போது செய்கிற தவறே உயிரை வாங்கிவிடுமே, எங்கே போய்ப் பழகுவது?

அதற்கு வழி செய்தவர் எட் லிங்க். நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டனில் அவருடைய அப்பாவுக்குப் பியானோ, ஆர்கன் தொழிற்சாலை இருந்தது. ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளைக் கொண்டே, விமானம் போலச் சாயவும் திரும்பவும் கூடிய ஒரு பெட்டியைச் செய்தார். முதலில் அதைக் கேளிக்கைப் பூங்காக்கள்தான் வாங்கின. 1934 பிப்ரவரியில் விமானத் தபால் வேலை ராணுவத்தின் தலையில் விழுந்தது. பனியிலும் இருட்டிலும் பறந்து பழகாதவர்கள். சில மாதங்களில் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வருஷமே ராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது லட்சக்கணக்கானோர் அதில் பழகினார்கள்.

மாணவர் உள்ளே உட்கார்ந்ததும் மூடியை இறக்குவோம். வெளியே மேஜையில் பயிற்றுநர். அவர் முன்னால் வரைபடத்தின் மேல் மூன்று சக்கரத்தில் ஊரும் சின்ன இயந்திரம். அதற்கு நண்டு என்றே பெயர். மாணவர் போன வழியை மையால் கோடு போட்டுக்கொண்டே வரும். வெளியே வந்து "நேராகத்தான் வந்தேன் சார்" என்பார்கள். கோடு ஜிலேபி மாதிரி இருக்கும். அதற்குமேல் வாதம் இல்லை.

ஒரு நாள் பயிற்றுநர் என்னையே உட்காரச் சொன்னார். திருப்பம் காட்டும் முள் மந்தமாக அசைவது எனக்கு முந்தின வாரமே தெரியும். மறுபடி கழற்ற அலுத்துக்கொண்டு, பதிவேட்டில் "சரியாக உள்ளது" என்று எழுதியிருந்தேன். இருட்டில் இடப்பக்கம் சுழல்வது போல இருந்தது. முள்ளோ நடுவிலேயே நின்றது. திருத்தினேன், பிறகுதான் அது மெல்ல நகர்ந்தது. மூன்றே நிமிஷத்தில் உயரமானி பூஜ்யத்துக்கு வந்துவிட்டது.

வெளியே வந்து நண்டின் கோட்டைப் பார்த்தபோது வியர்த்துவிட்டது. "உடம்பை நம்பாதே, முள்ளை நம்பு" என்று அவர் நாள் முழுக்க மாணவர்களுக்குச் சொல்கிறவர். அந்த முள்ளையே நான் பொய் சொல்ல விட்டிருந்தேன்.

உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பழைய பதிவை அழிக்காமல், அதன் கீழே சிவப்பு மையில் எழுதச் சொன்னார். அந்த வாரம் பழகிய மாணவர்கள் எல்லோரையும் திரும்ப உட்கார வைத்தார். அன்று ராத்திரியே முள்ளைக் கழற்றிச் சரிசெய்தேன்.

அந்தத் தாள் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது, கோடு மட்டும் அழியவில்லை.